பழைய மாதா கோயில்களும் பொதுஜனப் பொறுப்பும்

கயத்தாற்றில் 1799ஆம் வருஷம் அக்டோபர் 16ந் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மனைக் கும்பினியார் தூக்கிலிட்டனர். அந்த இடத்திலே நடிகர் சிவாஜி கணேசன் தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி 1970ல் சிலை நிறுவினார். பின்னர் அது ஸர்க்கார் வசம் சேர்ந்தது. 2015ல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. ஒரு தனி மனிதரின் பக்தியால் தொடங்கிய காரியம் பொதுஜன உடைமையாயிற்று. இன்று அங்கே துடைப்பத்துக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைப் பொதுப்பணம் தாங்குகிறது. அதற்கு ஆட்சேபம் சொல்பவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

அதே கரிசல் சீமையில் காமநாயக்கன்பட்டி இருக்கிறது. அங்குள்ள பரலோக மாதா கோயில் பழைய மதுரை மிஷனைச் சேர்ந்த ஸ்தலம். 1680ல் இத்தாலியில் பிறந்து, 1710ல் கோவாவில் வந்திறங்கிய வீரமாமுனிவர், தமிழ்நாட்டுக்கு வந்த ஆரம்ப வருஷங்களில் தொண்டாற்றிய ஊர் அது. தேம்பாவணி பாடியவரும், 1732ல் சதுரகராதி தந்தவரும் அவரே. எகரத்தையும் ஏகாரத்தையும் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் வேறு பிரித்தறியும்படி எழுதும் முறையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்பத்திரிகையை நேயர்கள் தடுமாற்றமின்றி வாசிப்பதில்கூட அம்முனிவருக்கு ஒரு பங்குண்டு என்றால் மிகையாகாது. ஆகஸ்டு 15ந் தேதி தேர்த் திருவிழாவுக்கு அங்கே கூடுகிறவர் கிறிஸ்தவர் மட்டுமல்லர். சுற்றுப்பட்டு ஹிந்துக்களும் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள்.

எல்லாருக்கும் உரிய இத்தகைய இடங்களின் சுவர் விரிந்தால் பூசுவது யார் பொறுப்பு? இதுவே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

சுவர் விரிவது கரிசலில் தவிர்க்க முடியாத விஷயம். இம்மண் மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆண்டுதோறும் அஸ்திவாரம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது. சுண்ணாம்புக் காரை ஓரளவு வளைந்து கொடுக்கும். சுவரின் ஈரத்தை வெளியேயும் விடும். ஆனால், காரை அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இன்று அருகிவிட்டனர். சிமிண்டு பூசுகிறார்கள், ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சில வருஷங்களில் பூச்சுப் பொருமி விழுகிறது. பிறகு, "இதைச் செப்பனிடுவதைவிட இடித்துப் பெரிதாகக் கட்டலாம்" என்று யாராவது ஒரு தனவந்தர் முன்வருகிறார். பழைய கோயில்கள் பல மறைவது பகைவர் கையால் அன்று, அன்பர் கையால்தான்! இந்துக் கோயில்களின் மண்டபங்களிலும், திருப்பணி என்ற பெயரால், இக்காட்சியை நாம் கண்டு வருந்தியதுண்டு.

கிராமப் பங்குகளின் வருமானம் எவ்வளவு? தலைக்கட்டு வரியும், உண்டியலும், திருவிழாக் காணிக்கையுமே. வானம் பொய்த்தால் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை, வரியும் இல்லை. காவலுக்கு ஆள் வைக்க வழியில்லாமல், பூசை நேரம் போகப் பகல் முழுதும் பூட்டிக் கிடக்கும் பழைய கோயில்கள் சில உண்டு. சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும். கோயில்பிள்ளையோ காட்டு வேலைக்குப் போயிருப்பார். நாமே ஒரு சமயம் இவ்வாறு திரும்பி வந்திருக்கிறோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அவர்கள் மீது குற்றமில்லை.

தமிழக ஸர்க்கார் 2016 முதல் தேவாலயங்களைப் பழுதுபார்க்க நிதியுதவி அளித்து வருகிறது. தொடக்கத்தில் கட்டடத்தின் வயதை ஒட்டி 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் என்று வகுத்தார்கள். வெளிநாட்டுப் பணம் பெறாதிருத்தல் வேண்டும் என்பதும் நிபந்தனை. உதவி நல்லதே. ஆனால் 20 வருஷத்துக் கட்டடத்தையும் 200 வருஷத்துக் கட்டடத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திய கணக்கு அது. முன்னதற்கு வேண்டியது கூரை. பின்னதற்கு வேண்டியது கைதேர்ந்த சிற்பாசாரியும் பொறுமையும்.

ஒரு மதத்தின் கட்டடத்துக்குப் பொதுப்பணமா என்று கேட்போர் அரசியல் சாசனத்தின் 27ஆம் ஷரத்தைக் காட்டுவர். குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென ஒதுக்கும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பதே அதன் கருத்து. குஜராத் கலவரத்தில் சிதைந்த வழிபாட்டிடங்களுக்கு ஸர்க்கார் ஈடு செய்ய வேண்டும் என்ற ஹைகோர்ட்டுத் தீர்ப்பை 2017ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்து, அதிகபட்சம் 50,000 ரூபாய் என்ற ஸர்க்காரின் திட்டத்தையே ஏற்றது. எனவே ஆட்சேபத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும் பிரசங்கத்துக்குக் கொடுப்பது வேறு, புராதனச் சுவருக்குக் கொடுப்பது வேறு. சரித்திரச் சின்னங்களைக் காப்பது ராஜ்யத்தின் கடமை என்று அதே சாசனத்தின் 49ஆம் ஷரத்துக் கூறவில்லையா?

அந்நிய தேசங்களின் அநுபவம் பலவிதம். பிரான்ஸில் 1905ஆம் வருஷச் சட்டத்துக்கு முற்பட்ட கதீட்ரல்கள் ராஜ்யத்தின் சொத்து. பார்வைக்குக் கட்டணம் கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி. பாரிஸின் நோத்ர் தாம் கோயில் 2019 ஏப்ரல் 15ல் எரிந்தபின், உலகெங்குமிருந்து 84 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. 2024 அக்டோபரில் அந்நாட்டுக் கலாசார மந்திரி, பார்வையாளரிடம் 5 யூரோ வாங்கினால் மற்றக் கோயில்களைப் பழுதுபார்க்கலாமே என்றார், திருச்சபை இணங்கவில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியிலோ பார்வையாளர் டிக்கெட்டு வாங்கியே தீர வேண்டும். ஜபிக்க வருகிறவருக்கு மட்டும் இலவசம். கும்பிட வந்தவன் யார், பார்க்க வந்தவன் யார் என்று காமநாயக்கன்பட்டியில் எவரால் பிரிக்க முடியும்? டிக்கெட்டு முறை நமக்கு உதவாது.

நமக்கு உதவும் வழி நமது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. கர்ஸன் பிரபு காலத்து 1904ஆம் வருஷச் சட்டமும், அதன்பின் வந்த 1958ஆம் வருஷப் புராதனச் சின்னங்கள் சட்டமும், உடைமைக்காரரும் ஸர்க்காரும் ஓர் உடன்படிக்கை செய்து கொள்ளலாம் என்கின்றன. பராமரிப்பு எவ்வாறு, செலவு யாருடையது, பொதுஜனங்களை எப்போது உள்ளே விடுவது என்ற மூன்றையும் அதில் எழுதலாம். உடைமை திருச்சபையிடமே இருக்கும். வழக்கமான வழிபாட்டுக்கும் இடையூறில்லை. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பாதுகாக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்குக் கரிசல் பாதை புதிதன்று. கோயில் கட்டடத்தில் கைவைக்குமுன் அத்துறையின் யோசனையைக் கேட்க வேண்டும். கதவு பகலில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு ஈடாகச் சுவருக்கும் கூரைக்கும் காவலாளிக்கும் பொதுப்பணம். தூத்துக்குடி மாவட்டப் பழங்கோயில்கள் அனைத்துக்கும், எந்த மதத்தைச் சார்ந்தவையாயினும், இதே நிபந்தனை பொருந்தும்.

பழைய சுவர்களின் பட்டியலை ஜில்லா கலெக்டரும் மேற்றிராணியாரின் காரியாலயமும் சேர்ந்து தயாரிப்பதற்கு ஒரு கோடைக்காலம் போதும். கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்காதபடி வாய்க்கால் எடுப்பதற்கு உடன்படிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் மழை வந்துவிடும்.