இது என்ன ஜாதி நாய்?

தைப்பிங்கில் ஒரு நாய்க்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பூந்தோட்ட ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். குட்டியின் பெயரைக் கேட்பவர் குறைவு. ‘இது என்ன ஜாதி?’ என்றுதான் கேட்பார்கள். மனிதரிடம் கேட்கக் கூசுகிற கேள்வி, நாய் என்றால் மட்டும் சட்டென்று வாயில் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் ஆறு வாரமாக ஒரு பெண்குட்டி இருக்கிறது. கமுந்திங்கில் ஒரு கடைக்குப் பின்னால் கிடைத்தது. பழுப்பு உடம்பில் மங்கலான புலிவரி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று தொங்கும். நாக்கில் ஒரு கறுப்புப் புள்ளி. வந்தபோது கண் நீலமாக இருந்தது. வளர்க்க ஆள் தேடி, படத்தைப் புலனக் குழுக்களில் போட்டேன். ஆள் வருவதற்கு முன் ஜோசியம் வந்தது. நீலக் கண், ஆகவே ஹஸ்கி. நாக்கில் புள்ளி, ஆகவே சௌ சௌ. காது, ஆகவே ஜெர்மன் ஷெப்பர்ட். உறவுக்கார மாமா ஒருவர், “பார்த்ததும் சொல்வேன், இது ராஜபாளையம் ரத்தம்” என்று அடித்துச் சொன்னார். 2005இல் இந்தியா அஞ்சல் தலை வெளியிட்ட ராஜபாளையம் நாய் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. எங்கள் குட்டியின் மூக்கோ கரி.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்தேன். கடைசியாக வந்த ஒரு வரிதான் வேலையைக் கெடுத்தது: ‘பிட்புல் மாதிரி இருக்கு, ஜாக்கிரதை.’ மறுநாள் வந்து குட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த குடும்பம் வரவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் பிட்புல் என்பது சாதாரணச் சொல் அல்ல. கால்நடை சேவைத் துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலில் அகிதா, ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ போன்றவற்றோடு அதுவும் இருக்கிறது. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் வகைகளுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. நெருக்கமான வீடுகள் உள்ள தாமானில் அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போதும், நாய் ஒன்றும் செய்யாமலே அதன்மேல் புகார் கிளம்பிவிடும்.

ஆனால் புலிவரி என்பது வெறும் நிற அமைப்பு. பாக்சர், கிரேட் டேன், கிரேஹவுண்ட் ஆகியவற்றுக்கும் உண்டு, தெருநாய்க்கும் உண்டு. நாக்குப் புள்ளியும் அப்படித்தான், எத்தனையோ வகை நாய்களுக்கு வரும். நீலக் கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அநேகமாக எல்லாக் குட்டிகளும் நீலம் கலந்த கண்ணோடுதான் விழிக்கின்றன. மூன்று நான்கு மாதத்துக்குள் நிறம் மாறிவிடும். எங்கள் ‘ஹஸ்கி’யின் கண் இப்போது தேன் நிறம். காது, பல் மாறும் பருவத்தில் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இன்னொன்றும் உண்டு: ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்கலாம். அதனால் கூடப் பிறந்த குட்டியைப் பார்த்தும் முடிவு கட்ட முடியாது.

கண்ணால் பார்த்து இனம் சொல்வதில் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் விக்டோரியா வாய்த்தின் குழு 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நாய் சம்பந்தப்பட்ட தொழிலில் இருக்கும் 900க்கு மேற்பட்டவர்களுக்கு 20 கலப்பு நாய்களைக் காட்டி இனம் கேட்டார்கள். பதில்களை மரபணுச் சோதனை முடிவோடு ஒப்பிட்டார்கள். 14 நாய்களின் விஷயத்தில் பாதிப் பேர்கூடப் பொருந்தும் விடை சொல்லவில்லை.

காரணம் புதிதல்ல. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் நூலாக வெளியிட்டார்கள். காக்கர் ஸ்பானியலையும் ஆப்பிரிக்க பசென்ஜியையும் கலந்தபோது பிறந்த குட்டிகள் பெரும்பாலும் இரண்டு பெற்றோரையும் போல இல்லை. அடுத்த தலைமுறையில் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. நாயின் தோற்றத்தைத் தீர்மானிப்பவை மிகச் சில மரபணுக்கள்தான். நீளமுடி, சுருட்டைமுடி, மீசைமுடி என்று இன நாய்களிடம் நாம் பார்க்கும் வகைகளில் பெரும்பாலானவை மூன்றே மரபணுக்களின் கைவரிசை என்று 2009இல் கண்டறிந்தார்கள். ஒட்டுமொத்தம் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். முடியைப் பார்த்து வம்சம் சொல்வது, சட்டையைப் பார்த்து ஊர் சொல்வது மாதிரி.

அதே ஸ்காட்டுக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. நம் பேராக்குக்கு மலைத்தொடரின் அந்தப் பக்கம், கேமரன் மலையில் ஓடுகிறது தெலோம் ஆறு. அங்கே ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்களை ஆர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் 1963இல் கண்டு, ஒரு ஜோடியை ஸ்காட்டிடம் அனுப்பினார். ஆற்றின் பெயரால் அவை தெலோமியன் ஆயின. கால் நட்டுக் கட்டிய வீட்டின் ஏணியில் ஏறும் நாய்கள் அவை. காட்டோரத்தில் அவை பெயரில்லாமலே பிழைத்துக்கொண்டிருந்தன. பெயர் வைத்தது வெளியாள்.

இங்கேதான் நம் கேள்வியே கோணலாகிறது. இன்றைய நாய் இனங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் உருவாக்கப்பட்டவை. லண்டன் கென்னல் கிளப் தொடங்கியதே 1873இல். கம்பத்து நாயோ அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கிறது. அதை ‘கலப்பு’ என்று அழைத்தால், எதையும் எதையும் கலந்து செய்தது போல ஓர் எண்ணம் வருகிறது. தோட்டப்புறங்களில் துரை வீட்டு நாயும் லயத்து நாயும் சேர்ந்திருக்கலாம்தான். ஆனால் பல கம்பத்து நாய்களின் முன்னோர் எந்த இனப் பதிவேட்டிலும் இருந்ததே இல்லை.

மரபணுச் சோதனை செய்தால் தெரியாதா என்கிறீர்களா? கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். சில நூறு ரிங்கிட் ஆகும். கூடம் தன்னிடம் உள்ள இன மாதிரிகளோடுதான் ஒப்பிடும். நம் பக்கத்துக் கிராம நாய்களின் மாதிரி அங்கே இல்லாவிட்டால், பக்கத்தில் வருகிற ஏதோ ஓர் இனத்தின் பெயர் வரும். ஆசைக்குச் செய்யலாம். எனக்குக் கேட்டால், அந்தப் பணம் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் போகட்டும்.

‘குணம் தெரிய வேண்டாமா?’ என்பது அடுத்த கேள்வி. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்கள் விவரம் கொடுத்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 விழுக்காடுதான். பயப்படுமா, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா என்பதற்கு அந்த நாயைத்தான் பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் டாக்டர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். பால்பல் எல்லாம் அப்படியே இருந்தது. மூன்று மாதம் நிறையவில்லை என்றார். முன்பற்கள் மூன்று நான்கு மாதத்தில் விழத் தொடங்கும், ஆறேழு மாதத்துக்குள் எல்லாம் மாறிவிடும். நடுத்தர அளவு நாய் நான்கு மாதத்தில் இருக்கும் எடையை இரண்டால் பெருக்கினால், வளர்ந்தபின் எவ்வளவு இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லலாம். வீட்டில் எவ்வளவு இடம் வேண்டும், மாதம் எவ்வளவு தீனி ஆகும் என்பதற்கு அந்தக் கணக்குப் போதும். தடுப்பூசி அட்டையில் ‘இனம்’ என்ற கட்டத்தில் ‘லோக்கல்’ என்று எழுதிவிட்டு ஊசியை எடுத்தார்.

குட்டிக்கு வீடு தேடுகிறவர்கள் விளம்பரத்திலும் அப்படியே எழுதலாம்: கம்பத்து நாய், பெண், வயது இவ்வளவு, எடை இவ்வளவு, இன்னின்ன ஊசி போட்டாயிற்று, பூனையைக் கண்டால் துரத்தும், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகும். ‘பிட்புல் மாதிரி’, ‘ஹஸ்கி மிக்ஸ்’ வேண்டாம். முன்னது ஆளை விரட்டும். பின்னதை நம்பி எடுத்தவர், ஆறு மாதம் கழித்துத் தேன் நிறக் கண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி கடைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போவார்.