"சாரி" சுலபம், "மன்னிச்சிரு" கஷ்டம்

போன செமஸ்டர் பிராக்டிகலுக்கு மூணு நாள் இருக்கும்போது என் ரூம்மேட்டோட ரெக்கார்ட் நோட்டைத் தொலைத்துவிட்டேன். பஸ்ஸில் விட்டேனா, கேன்டீனில் விட்டேனா, இன்று வரை தெரியாது. பதினொரு எக்ஸ்பெரிமென்ட், கிராஃபோடு. "சாரிடா, ரியலி சாரிடா" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். ரெண்டாவது நாள் ராத்திரி, அவனுக்காக நான் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோது, "மன்னிச்சிருடா" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. சொல்லும்போதே தொண்டை அடைத்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "சரி விடு, அந்த ஸ்கேலை எடு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அர்த்தம் ரெண்டுக்கும் ஒன்றுதானே? அப்புறம் ஏன் ஒன்று வாயிலிருந்து வருகிறது, இன்னொன்று வயிற்றிலிருந்து வருகிறது? எக்ஸாம் முடிந்ததும் இதைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். இது என் பிரச்சினை மட்டும் இல்லை, ரெண்டு மொழி பேசுகிற பலருக்கும் நடப்பதுதான் என்று தெரிந்தது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

எப்படி அளப்பது? கோபமோ பயமோ வெட்கமோ வந்தால் விரல் நுனியில் லேசாக வேர்க்கும். நமக்கே தெரியாத அளவுக்குத்தான். ஆனால் வேர்வையில் உப்பு இருப்பதால் தோலின் மின்கடத்துதிறன் உடனே கூடிவிடும். ரெண்டு விரலில் எலக்ட்ரோடு மாட்டினால் போதும், கிராஃப் காட்டிக்கொடுத்துவிடும். நம்ம இசிஇ பசங்க ஆர்டுயினோவோடு மினி ப்ராஜெக்டில் மாட்டுகிற அதே ஜிஎஸ்ஆர் சென்சார்தான்.

2003-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஹாரிஸும் அவர் குழுவினரும் இதைத்தான் செய்தார்கள். துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட 32 பேர். எல்லோரும் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்றவர்கள். சாதாரண வார்த்தைகள், கெட்ட வார்த்தைகள், சின்ன வயதில் வீட்டில் வாங்கும் திட்டுகள் என்று ரெண்டு மொழியிலும் கொடுத்து விரலைக் கவனித்தார்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தது திட்டுகளில்தான். "உனக்கு வெட்கமா இல்ல?" மாதிரியான வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தபோது கிராஃப் பெரிதாக அசையவில்லை. அதுவே துருக்கிய மொழியில் வந்தபோது எகிறியது. சிலர், தங்கள் சொந்தக்காரர்களின் குரலே மண்டைக்குள் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். "பூச்சாண்டி" என்ற வார்த்தையை நாம் டிக்‌ஷனரியில் படிக்கவில்லை. இருட்டு, சோறு ஊட்டுகிற கை, மிரட்டுகிற குரல், பதறுகிற நெஞ்சு எல்லாம் சேர்ந்துதான் அந்த வார்த்தை உள்ளே போனது. "கோஸ்ட்" வந்தது பாடப்புத்தகத்திலிருந்து. ஸ்பெல்லிங்கோடு வந்தது, பயத்தோடு வரவில்லை. அதனால்தான் ஹாஸ்டலில் ஆங்கிலக் கெட்ட வார்த்தையை கமா மாதிரி போட்டுப் பேசுகிறவன்கூட, அதன் தமிழ் அர்த்தத்தை வீட்டு ஹாலில் சொல்லமாட்டான். "ஐ லவ் யூ" சொல்லிவிடுகிற தைரியசாலிகள் அதையே தமிழில் சொல்லிப் பார்க்கட்டும்!

ஆனால் இதில் ஒரு திருப்பம் உண்டு. ஸ்பானிஷ் குடும்பங்களில் பிறந்து ஆங்கிலமும் பேசுகிறவர்களிடம் ஹாரிஸ் அடுத்து இதையே சோதித்தார். ரொம்பச் சின்ன வயதிலேயே ஆங்கிலம் கற்றவர்களுக்கு ரெண்டு மொழியும் ஏறக்குறைய ஒரே மாதிரி சுட்டது. ஆக, அது தாய்மொழியா இல்லையா என்பது மட்டும் கணக்கில்லை. எந்த வயதில், யார் வாயிலிருந்து, எந்தச் சூழ்நிலையில் கேட்டோம் என்பதும் கணக்கு. நம்ம ஊர் உதாரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது, இது ஆராய்ச்சி இல்லை, என் அனுமானம்தான். "ஃபெயில்" ஆங்கில வார்த்தை. ஆனால் அதை நாம் ஒன்றாம் வகுப்பு ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டோடு, அப்பா குரலில் கேட்டுவிட்டோம். அதனால் அது தமிழ் மாதிரியே வலிக்கும். "அரியர்" காலேஜுக்கு வந்தபிறகு கற்ற வார்த்தை. "ஒரு அரியர் மச்சி" என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

சரி, மூளைக்குள் மொழி எப்படி மாறுகிறது? ஃபேன் ஸ்விட்ச் மாதிரி ஒன்றை ஆஃப் பண்ணி இன்னொன்றை ஆன் பண்ணுகிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஒரு மொழியில் படிக்கும்போது இன்னொன்றும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேல்ஸில் உள்ள பாங்கர் பல்கலைக்கழகத்தில் கியோம் தியரியும் யான் ஜிங் வூவும் இதை அழகாகக் காட்டினார்கள். ஆங்கிலம் தெரிந்த சீனர்களுக்கு ஆங்கில வார்த்தைகளை ஜோடி ஜோடியாகக் காட்டி, அர்த்தத்தில் சம்பந்தம் உண்டா என்று கேட்டார்கள். சில ஜோடிகளில் மட்டும் ஒரு ரகசியம். சீனத்தில் மொழிபெயர்த்தால் ரெண்டு வார்த்தைக்கும் பொதுவாக ஒரு பகுதி வரும். நம் கணக்கில் சொன்னால் "ஃபேன்", "இமெயில்" மாதிரி. ஆங்கிலத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழில் மின்விசிறி, மின்னஞ்சல். படித்தவர்களுக்கு அந்த ரகசியம் தெரியவே இல்லை. ஆனால் தலையில் மாட்டிய ஈஈஜி அலைகள் மாறின. அதாவது, அவர்கள் அறியாமலே சீனம் உள்ளே விழித்துக்கொண்டது. இது 2007-இல் வெளிவந்தது.

2012-இல் அதே ரெண்டு பேரும் உணர்ச்சி சார்ந்த வார்த்தைகளை வைத்துத் திரும்பச் செய்தார்கள். நல்ல வார்த்தைகளுக்கும் சாதாரண வார்த்தைகளுக்கும் சீனம் விழித்தது. மனதைக் கஷ்டப்படுத்துகிற வார்த்தைகள் வந்தபோது விழிக்கவில்லை. வலி தரும் ஆங்கில வார்த்தையை மூளை வாசலிலேயே நிறுத்தி, அர்த்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தாய்மொழி இருக்கும் உள்அறைக்கு விடாமல் அனுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த இடத்தைப் படித்தபோதுதான் சிலிர்த்தது.

வெளிநாட்டில் மனநல ஆலோசகர்கள் இதை ரொம்ப முன்னாடியே கவனித்திருக்கிறார்கள். வியன்னாவிலிருந்து அமெரிக்கா போன எடித் பக்ஸ்பாம், ஜெர்மன் பேச மறுத்து ஆங்கிலத்திலேயே பேசிய தன் நோயாளிகளைப் பற்றி 1949-இல் எழுதினார். சின்ன வயது விஷயங்கள் அந்தப் பழைய மொழிக்குள்தான் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தன.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது என் ரூம்மேட் ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. போன வருஷம் முழுக்க அவன் "டிப்ரஸ்டுடா", "ஸ்ட்ரெஸ்டுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நாங்களும் "சேம் ப்ரோ" என்று பதில் சொல்லிவிட்டு ரீல்ஸ் பார்த்தோம். எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே. ரெக்கார்ட் எழுதி முடித்த அந்த ராத்திரிதான், விடியற்காலை மூணு மணி இருக்கும், "ரெண்டு பேப்பர் போச்சுடா. வீட்ல இன்னும் சொல்லல. அப்பா வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியிருக்காரு. படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது" என்றான். "டிப்ரஸ்டு" என்று அவன் இத்தனை நாள் சொன்னது இதைத்தான். எனக்குத்தான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவனை கவுன்சிலரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ரெண்டு தடவையும் அவன் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினானாம். மூணாவது தடவை அந்த மேடம், "ஊர்ல யாரெல்லாம் இருக்காங்கப்பா?" என்று சாதாரணமாகத் தமிழில் கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது.

"பேசாம முதல் நாளே தமிழ்ல பேசியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"இல்லடா. அந்த ரெண்டு நாள் இங்கிலீஷ்ல சொன்னதாலதான் அழாம சொல்ல முடிஞ்சுது. இல்லன்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்" என்றான். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பேச மொட்டைமாடிக்குப் போனான்.