விழுந்த பல்லும் விரயமாகும் நிமிடங்களும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெரிசல்மிக்க பகுதிகளின் பாடசாலைகளில், இடைவேளை மணி ஒலித்ததும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சிறியதொரு முற்றத்தில் ஓடி விளையாடுகின்றனர். மோதல்களும் காயங்களும் அங்கு தவிர்க்க முடியாதவை. முழங்காலில் ஏற்பட்ட சிராய்ப்புக்கு மருந்திட ஆசிரியர்கள் அறிவர். ஆனால், ஒரு பிள்ளையின் முன்பல் வேரோடு கழன்று விழுந்தால் செய்ய வேண்டியது என்னவென்று அவர்களுக்கு எவரேனும் கற்பித்துள்ளனரா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வியாகும்.

இத்தகைய வேளையில் இரத்தத்தைத் துடைத்து, பெற்றோருக்கு அறிவித்து, பல்லைக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பதே இயல்பாக எவருக்கும் தோன்றும். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இக்காரியமே பல்லின் ஆயுளை முடித்துவிடுகின்றது. பல்லைத் தாடையென்புடன் பிணைக்கும் நார்களின் உயிர்க்கலங்கள் வேரின் மீது ஒட்டியிருக்கின்றன. காற்றில் உலர்ந்தால் அவற்றுட் பெரும்பாலானவை 30 நிமிடங்களில் இறந்துவிடும். 60 நிமிடங்கள் கடந்துவிட்டால் பல் இயற்கையாக மீண்டும் பிணையும் வாய்ப்பு அநேகமாக இல்லை. பின்னர் பொருத்தினாலும் காலப்போக்கில் வேர் கரைந்து பல்லை இழக்க நேரிடலாம்.

கொழும்பு வோட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை இவ்விரு பகுதிகளுக்கும் தொலைவானதன்று. எனினும், பாடசாலை விடும் நேரத்துக் காலி வீதி நெரிசலை அறிந்தவர்கள், 30 நிமிடங்கள் எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதையும் அறிவர். ஆகவே, பல்லின் தலைவிதி வைத்தியசாலையிலன்றிப் பாடசாலை முற்றத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

செய்ய வேண்டியவை எளியவை. முதலில், பிள்ளை மயங்கியுள்ளதா, வாந்தி எடுக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டிருப்பின் பல்லை விட உயிரே முக்கியம். 1990 அம்பியூலன்ஸ் சேவையை உடன் அழைக்க வேண்டும். அவ்வாறில்லையெனில், பல்லைத் தேடி, வேரைத் தொடாமல் வெண்ணிறப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் பாலினாலோ, அது இல்லாவிடில் குளிர்ந்த நீரினாலோ சில வினாடிகள் மெதுவாக அலசலாம். தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. பின்னர் பல்லை அதன் குழியிலேயே சரியான பக்கமாகப் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்திருக்கச் செய்ய வேண்டும். பொருத்த இயலாவிடின், சிற்றுண்டிச்சாலையில் கிடைக்கும் சுவையூட்டப்படாத பாலில் பல்லை இட்டு வைத்தியரிடம் விரைய வேண்டும். பால் கிடைக்காவிடில், பிள்ளையின் உமிழ்நீரைக் கிண்ணமொன்றில் சேகரித்து அதில் வைக்கலாம்.

இவையாவும் நிலையான பற்களுக்கே பொருந்தும். பாற்பல்லை மீண்டும் பொருத்தலாகாது; அவ்வாறு செய்வது உள்ளே வளரும் பல்லைப் பாதிக்கக்கூடும். விழுந்த பாற்பல்லைக் கூரைமீது எறிந்து புதுப்பல் கேட்பது எமது பிள்ளைகளின் வழக்கம். ஆனால், ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வயதுக்குள் முளைக்கும் நிலையான முன்பல்லுக்கு மாற்றாக வேறொன்று முளைப்பதில்லை. ஐயமிருப்பின் பல்லைப் பாலில் இட்டு, முடிவை வைத்தியரிடம் விட்டுவிடுவதே நன்று.

இதனைக் கற்பிக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் மேற்கொள்ளப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று, விளக்கச் சுவரொட்டிகள் வழங்கப்பட்ட பகுதியின் ஆசிரியர்கள் ஏனையோரை விட இது பற்றி நன்கு அறிந்திருந்தமையைக் காட்டியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் பாடசாலை மருத்துவப் பரிசோதனைகளை ஏற்கனவே நடத்தி வருகின்றன. அத்தினங்களில் ஆசிரியர்களுக்கும் சிற்றூழியர்களுக்கும் அரை மணிநேரப் பயிற்சி அளிக்கலாம். அறநெறிப் பாடசாலைகள், குர்ஆன் மத்ரஸாக்கள், தனியார் வகுப்புகள், பாடசாலை வான் சாரதிகள் ஆகியோரையும் இதில் உள்ளடக்க வேண்டும்.

முன்பல்லை இழந்த பிள்ளை சிரிக்கவும் வகுப்பில் எழுந்து பேசவும் கூசுகின்றது. செயற்கைப் பல்லுக்கான செலவோ பல்லாண்டுகள் பெற்றோரைத் தொடர்கின்றது. ஒரு சுவரொட்டியும் ஒரு குவளைப் பாலும் இதனைத் தடுக்க உதவுமெனில், அதிபர்களும் கல்வி, சுகாதார அதிகாரிகளும் இனியும் தாமதிப்பதற்கு நியாயமில்லை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.