தாராபுரத்தாரின் வழக்கு

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் சாலையில், பனைகளும் உடைமரங்களும் மாறி மாறி எதிர்ப்படும் மணற்பரப்பின் நடுவே, எருக்கலம்பிட்டிக்கு அணித்தாக, தாராபுரம் என்னும் முஸ்லிம் கிராமம் ஒன்று இருக்கிறது. இப்பெயரைக் கேட்டவுடன் அமராவதிக் கரையிலுள்ள தாராபுரத்தை எண்ணிக்கொள்ளும் தமிழகத்து வாசகர்கள் பாக்கு நீரிணையைக் கடந்து இப்பால் வரவேண்டும். கடற்றொழிலும் சிறு வியாபாரமும் பனையோலைப் பாயும் இத்தீவு முஸ்லிம்களின் பழைய ஜீவனோபாயங்கள், தாய்மொழியோ தமிழ். 1981ஆம் வருடத்துக் குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்து ஜனங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் முஸ்லிம்களாக இருந்தார்கள் என்பதை நினைவிற் கொண்டால், பின்னர் நிகழ்ந்தது எத்தகைய காரியம் என்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

1990ஆம் வருடம் ஜூன் மாதத்தில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் யுத்தம் மறுபடியும் மூண்டது. ஆகஸ்ட் மாதத்தில் கிழக்கிலங்கையில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், தமிழ்க் கிராமங்கள் பழிவாங்கப்பட்டதுமாகப் பகை முற்றிக்கொண்டிருந்தது. வடக்கில் அத்தகைய பகை இருந்ததில்லை. அப்படியிருந்தும், ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி அம்மாத முடிவுக்குள், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அவர்கள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலோ 24ஆந் தேதி ஒலிபெருக்கியில் அறிவித்து, 28ஆந் தேதிக்குள் ஒருவர் எஞ்சாமல் போய்விடவேண்டும் என்றார்கள்.

குடும்பத்துக்கு ஐந்து பயணப் பைகள், இரண்டாயிரம் ரூபாய், ஒரு பவுண் நகை. இவ்வளவே கொண்டுபோகலாம் என்பது விதி. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டை ஐந்து பைகளில் எவ்வாறு அடக்குவது என்று எண்ணிப் பாருங்கள். பாயையும் தலையணையையும் எடுத்தால் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு இடமில்லை. சமையற் பாத்திரங்களை எடுத்தால் காணி உறுதியும் விவாகப் பதிவும் எந்த மடிப்பிற் செல்வது? அதற்கும் முன்னரே எருக்கலம்பிட்டியில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் ஆயுதபாணிகள் புகுந்து பணத்தையும் நகையையும் பெறுமதியான சாமான்களையும் எடுத்துச் சென்றிருந்தார்கள். சாவிக்கொத்தையும் ஆடு மாடுகளையும் அயலிலுள்ள தமிழ்க் குடும்பத்தாரிடம் அமானிதமாக ஒப்படைத்து வந்தவர்கள் உண்டு. அந்த அமானிதத்தைப் பேணியவர்களும் உண்டு, பேணாதவர்களும் உண்டு.

தாராபுரத்தாரும், புதுக்குடியிருப்பு, உப்புக்குளம் முதலிய அயற்கிராமத்தாரும் கடற்கரையிற் கொண்டுவந்து சேர்க்கப்பட்டார்கள். வாடைக்காற்றும் மழையும் தொடங்கும் அந்தப் பருவத்தில், குடிநீரும் ஒதுங்க நிழலுமின்றி, கர்ப்பிணிகளும் முதியவர்களும் கைக்குழந்தைகளும் மணலிற் காத்துக் கிடந்தார்கள். புத்தளத்து வியாபாரிகளும் கல்பிட்டிக் கடற்றொழிலாளரும் வள்ளங்களை அனுப்பாமல் இருந்திருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஐம்பது மைலுக்கு மேற்பட்ட கடல்வழியை, மீன்பிடிக்கவென்று கட்டிய படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு கடந்து, அவர்கள் கல்பிட்டியிற் கரையேறினார்கள்.

இதில் நாம் உற்று நோக்கவேண்டிய அம்சம் ஒன்றுண்டு. இந்த ஜனங்கள்மீது குற்றச்சாட்டு எதுவும் விசாரிக்கப்படவில்லை. எவரையும் விசாரிக்கவேண்டும் என்ற பாசாங்குகூட இல்லை. உளவு சொல்பவர்கள் இருக்கக்கூடும் என்னும் சந்தேகத்துக்காக, தொட்டிற்குழந்தை வரையில் ஒரு சமூகம் முழுவதும் தண்டனை அனுபவித்தது. இதைச் செய்தவர்கள் தமிழ் பேசும் மக்களின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள். அனுபவித்தவர்களும் தமிழ் பேசும் மக்களே. தமிழ்ச் சமூகத்தின் பெரியோர்களும் பத்திரிகைகளும் அன்று இதனைப் பற்றிப் பேசியது மிகச் சொற்பம். அச்சம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அச்சம் நீங்கிய பிறகும் நீடித்த மௌனத்துக்கு அக்காரணம் செல்லாது என்பது என் அபிப்பிராயம்.

பலாத்காரமாகப் பறிகொடுத்தவனுக்கு முதலிற் பறிபோனதை மீட்டுக் கொடு, உரிமை யாருடையது என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள் என்பது உலகத்துச் சட்டநூல்களில் மிகப் பழைய நியாயங்களுள் ஒன்று. ஸ்கொத்லாந்தின் பழஞ்சட்டத்தில், ஒருவர் வசமிருந்த பொருளை அவருடைய சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இன்றி எடுத்துச் சென்றவன், அப்பொருளைத் திருப்பித் தருவதோடு, இடைக்காலத்தில் உடையவர் அதைக்கொண்டு அடைந்திருக்கக்கூடிய இலாபத்தையும் கட்டிக்கொடுக்க வேண்டும். குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்றியவனுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். எனினும் நூலில் உள்ள நீதி ஏழைக்கு எட்டும் என்பதற்கு அந்நாட்டிலும் உத்தரவாதமில்லை. 1814ஆம் வருடம் சதர்லந்துச் சீமையின் ஸ்ட்ராத்நேவர்ப் பள்ளத்தாக்கில், ஆட்டுப்பண்ணைக்கு இடம் வேண்டுமென்று குடியானவர்களின் வீட்டுக்கூரைகளைப் பிரித்து எரித்த காரியஸ்தன் பற்றிக் செல்லர் என்பவன், 1816இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுக் குற்றமற்றவன் என்று விடுதலையானான். நேப்பியர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு ஊரூராகச் சென்று குடியானவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தது 1883இல். குடியிருப்பு உரிமைக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தது 1886இல். தீப்பட்ட கூரைக்கும் சட்டத்துக்கும் இடையில் எழுபத்திரண்டு வருடங்கள்.

அதே நியாயம் நமது தேசத்துச் சட்டத்திலும் இல்லாமலில்லை. 1871ஆம் வருடத்து 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, காணியிலிருந்து சட்டப்படியல்லாது அகற்றப்பட்ட ஒருவர், தம் உரித்தை நிரூபிக்கவேண்டிய அவசியமின்றியே, மீண்டும் தம்மை அதில் இருத்தும்படி வழக்குத் தொடரலாம். அழகான ஏற்பாடு, ஆனால் அகற்றப்பட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தொடரவேண்டும். 1991ஆம் வருடம் ஒக்டோபர் மாதத்தில் தாராபுரத்தார் எந்த நீதிமன்றத்துக்கு, எந்த வழியாக, யார்மேல் வழக்குப் போடச் சென்றிருக்க முடியும்? இன்னும் விசேஷம், அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு. மற்றொருவருடைய காணியைப் பத்து வருடம் இடையறாது எதிரிடையாக ஆண்டு அனுபவித்தவருக்கே அக்காணி உரித்தாகிவிடும் என்று அது கூறுகிறது. இந்தப் பத்து வருடக் கணக்கைத் தடுத்து நிறுத்தக்கூடிய இயலாமைகள் எவை என்று 13ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள்: பராயமடையாமை, சித்தசுவாதீனமின்மை, கடல் கடந்து அப்பாலிருத்தல். மன்னாரிலிருந்து கல்பிட்டிக்கு வந்தவர்களும் கடலைக் கடந்துதான் வந்தார்கள். ஆயினும் அவர்கள் கரையேறியது அதே இலங்கைத் தீவிலாகையால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை.

புத்தளத்து மக்கள் முதலில் அவர்களை வரவேற்ற விதத்தைக் குறைத்துச் சொல்வது பாவம். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, சோறு சமைத்துப் போட்டு, தம் சொந்தத் தென்னந்தோட்டங்களில் கொட்டில் கட்ட இடங்கொடுத்தார்கள். சில கிழமைக்கு என்று எண்ணிக் கட்டிய கொட்டில்கள் அவை. கூரைக் கிடுகு உக்கிப்போக, மறுபடி வேய்ந்து, மறுபடி உக்கி, பதினைந்து இருபது வருடம் சென்றது. மன்னாரில் தோணியும் கடையும் வைத்திருந்தவர்களின் மனைவிமார் கல்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் களை பிடுங்கினார்கள். நிவாரண அட்டைக்கு அரிசியும் மாவும் பருப்பும் கிடைத்தன. கிணற்றடியிலும் கூலி வேலையிலும் பாடசாலை அனுமதியிலும் விருந்தாளியும் வீட்டுக்காரனும் மோதிக்கொள்ளத் தொடங்கியபோது, ‘அகதி’ என்ற பெயர், அகதிமுகாமிற் பிறந்து புத்தளத்தைத் தவிர வேறூர் காணாத பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது.

2002ஆம் வருடம் யுத்தநிறுத்தம் ஏற்பட்டபின், ஏப்ரல் 10ஆந் தேதி கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், பிரபாகரன் உடனிருக்க, அன்ரன் பாலசிங்கம் இவ்வெளியேற்றத்தை நியாயப்படுத்த முடியாத அரசியற் பிழை என்ற கருத்திற் பேசினார். மூன்று நாட்களின் பின் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் றவூப் ஹக்கீமுடன் ஓர் உடன்பாடும் கைச்சாத்தாகியது. சிலர் ஊர் திரும்பினர். பெரும்பாலோர் பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தனர். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்ததும் இனித் தடையில்லை என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். அப்போது அதிகாரிகளின் பதிவேடுகளில் ஒரு புது வகுப்புப் பிரிவினை தோன்றிற்று: 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள், அதற்கு முந்தியவர்கள் பழையவர்கள். உதவியில் முதலிடம் புதியவர்களுக்கு. வன்னியின் கடைசி யுத்தத்திலிருந்து எலும்பும் தோலுமாக வெளிவந்த அந்தத் தமிழ் மக்களுக்கு முதலிடம் கொடுத்ததில் எவரும் குறை காணமாட்டார்கள். பழையவர்களுக்கு இரண்டாமிடமாவது எப்போது என்பதுதான் கேள்வி.

திரும்பி வந்தவர்கள் கண்டவை என்ன? கூரையும் கதவும் ஜன்னல் நிலையும் கழற்றப்பட்டு, அத்திவாரத்தின்மேல் உடைமுள் தழைத்திருந்த வளவுகள். 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகத் திரும்பியிருந்தார்கள், காணியோ பெருகவில்லை. ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கே வீட்டுத்திட்டம் என்றார்கள். வீடில்லாதவர் எதிலே குடியிருப்பது என்று கேட்டால் பதிலில்லை. புத்தளத்துப் பதிவை வெட்டிக்கொண்டு வந்தால் அங்குள்ள நிவாரணம் நின்றுவிடும். வெட்டாவிட்டால் இங்கே பெயரில்லை. பெருநிலப்பரப்பின் முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி மக்களின் நிலைமை இதனினும் விபரீதம். அவர்கள் இல்லாத வருடங்களில் காடு மண்டிய நிலத்தை 2012ஆம் வருடத்து வர்த்தமானி அறிவித்தல் ஒதுக்குக் காடாக்கிவிட, சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் வில்பத்து வனத்தை அழிக்கிறார்கள் என்று தென்னிலங்கைப் பத்திரிகைகளின் ஏச்சுக்கு ஆளானார்கள்.

இவற்றையெல்லாம் விடாது எழுதியும் கணக்கெடுத்தும் வந்தவர், எருக்கலம்பிட்டியிற் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவியியற் பேராசிரியராயிருந்து 2018இல் காலமான எஸ். எச். ஹஸ்புல்லாஹ். இழந்த வீடு, தோட்டம், ஆபரணம், கால்நடை என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுப் பதிந்த அவருடைய உழைப்பு, கண்ணீர்க் கதையாகப் பேசப்பட்டு வந்த ஒரு விஷயத்தை வழக்குக் கட்டாக மாற்றியது. சட்டமும் சமூகமும் அறக்கட்டளை முன்னின்று அமைத்த பிரஜைகள் ஆணைக்குழு, பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டி 2011 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. நேப்பியர் குழு அரசாங்கம் நியமித்தது. இதுவோ பிரஜைகள் தாமே கூடிச் செய்துகொண்டது. அந்த வித்தியாசம் கவனிக்கத்தக்கது.

பத்து வருடக் கணக்கின் அநீதிக்குச் சட்டசபை பரிகாரம் தேடியது 2016ஆம் வருடத்தில். அவ்வருடத்து 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம், ஆயுதக் குழுவொன்றின் நடவடிக்கையால் நீதிமன்றத்தை அணுக இயலாது போனவர்களுக்காக, 1983 மே 1ஆந் தேதி முதல் 2009 மே 18ஆந் தேதி வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கிற்று. வெளியேற்றம் நடந்து கால் நூற்றாண்டுக்குப் பின் வந்ததாயினும், இது உபயோகமான சட்டம். அதனைப் பயன்படுத்திக்கொள்ள உறுதியும் சாட்சியும் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் வேண்டும் என்பது வேறு விஷயம். ஐந்து பைகளுக்குள் உறுதியை எடுத்து வைக்க மறந்தவர்கள் பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் பிரதி தேடி அலையவேண்டியிருந்தது.

இன்றும் இரண்டு ஊரிலும் கால் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் புத்தளத்தில். காணியும் பள்ளிவாசலும் வாக்குரிமையும் மன்னாரில். வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர் நீங்கினால் அவ்வூராரென்பதற்கு இருக்கும் அத்தாட்சிகளில் ஒன்று போய்விடும் என்றெண்ணி, தேர்தல்தோறும் பஸ் பிடித்து வடக்கே போய் வாக்களித்து வருகிறவர்கள் அவர்கள். 2019 நவம்பர் 16ஆந் தேதி ஜனாதிபதித் தேர்தலன்று, அவ்வாறு புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்றுகொண்டிருந்த பஸ் வரிசையைத் தந்திரிமலைப் பகுதியில் வழிமறித்துத் துப்பாக்கியாற் சுட்டார்கள். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. பிரயாணிகள் வழியைத் தொடர்ந்து மன்னாரை அடைந்து வாக்களித்தார்கள்.