நெய்தலின் இரு பொழுதுகள்: கரைவாழ் நண்டுகளின் நாளொழுங்கும் ஓதவொழுங்கும்

நெய்தற்குரிய சிறுபொழுது எற்பாடு என்பது தொல்காப்பியர் கருத்து. அச்சொல்லுக்குப் பிற்பகல் எனப் பொருள் கொள்வோரும், ஞாயிறு தோன்றும் வேளை எனப் பொருள் கொள்வோரும் உளர். அவ்வழக்கினுள் யாம் ஈண்டுப் புகவில்லை. இரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒத்துள்ளனர். பொழுதினை அளப்பது ஞாயிறே என்பது அது. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் அது முற்றும் பொருந்தும். கடற்கரைக்கோ ஞாயிற்றின் பொழுதேயன்றித் திங்களின் பொழுதும் உண்டு. அவ்விரண்டனையும் ஒருங்கே அறிந்து வாழும் உயிர்கள் பாட்டில் பயிலும் அலவன் முதலியன. இவற்றின் இயல்பினை அறிவியலார் கண்டவாறு விளக்கி, அது நெய்தற் பாட்டின் பொருள்கோளுக்கு யாது பயன் தரும் என்பதனை ஆராய்வாம்.

கடல்நீர் நாள்தோறும் கரைமேல் ஏறியும் இறங்கியும் வருதலை ஓதம் என்கிறோம். ஈழத்தார் இதனை வற்றுப்பெருக்கு என வழங்குவர். ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருசேரச் சுட்டலின் அது நல்ல சொல்லே. திங்கள் ஓரிடத்தின் உச்சியைக் கடந்து மீண்டும் அவ்வுச்சிக்கு வருதற்கு 24 மணி 50 நிமிடம் ஆகும். அதனுள் ஓதம் இருமுறை ஏறும். எனவே, ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடைவெளி 12 மணி 25 நிமிடம். இன்று காலை 6 மணிக்கு நீர் உச்சியுற்றால் நாளை 6.50க்கு உச்சியுறும், ஏழு நாள் கழிந்து நண்பகலை அண்மி நிற்கும். பதினைந்து நாள் அளவில் மீண்டும் பழைய நேரத்திற்கே வரும். உவா நாள்களில் ஏற்றம் மிகும். நம் கிழக்குக் கடற்கரையில் அவ்வேற்றமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினதே. கூர்ச்சரத்துக் காம்பே வளைகுடாவிற் போலப் பெருகுவதன்று. ஆயினும் கரைவாழ் சிற்றுயிர்க்கு ஒரு சாண் நீரும் வாழ்வும் சாவுமாம்.

நண்டு என ஒரு பெயரால் வழங்குவனவெல்லாம் இவ்வோதத்தை ஒரு தன்மையாகக் கொள்வதில்லை. மணற்கரையில் ஓடி மறையும் வெண்ணிற நண்டு நீரெல்லைக்கு மேலே ஆழ்ந்த அளை தோண்டி வாழ்வது. பகல் வெப்பத்தில் அது பெரும்பாலும் அளையுள் ஒடுங்கும். அந்தி சாய்ந்தபின் இரைதேடப் புறப்படும். இதனை ஆள்வது பெரும்பான்மையும் நாளொழுங்கே. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற கழிநிலங்களில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண்நண்டினைக் காணலாம். அது நீர் வற்றிச் சேறு வெளிப்படும்போது மேய்ந்து, ஓதம் மீள்வதன் முன்னர் அளைக்குள் புகுந்து வாயைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். நீர் தன்னைத் தொட்டபின் ஓடுவதன்று. வருமுன்னரே அறிந்து புகுவது. இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பதே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

மூன்றாவது வகை, அலை வந்து மீளும் ஈரமணலில் புதைந்து, மீளும் நீரில் இறகு போன்ற உணர்கொம்புகளை விரித்து இரை வடித்துண்ணும் சிற்றுயிர். அறிவியலார் இதனை எமெரிட்டா ஆசியாட்டிக்கா என்பர். இதனை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற எம். கே. சந்திரசேகரன் 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடலினின்று பிரித்து ஆய்வகத்தில் வைத்த பின்னும் இதன் இயக்கமும் உயிர்வளி கொள்ளும் அளவும் ஓதவொழுங்கு, நாளொழுங்கு ஆகிய இரண்டனையும் விடாது தொடர்ந்தன என்பது அவர் காட்டிய உண்மை. அவரே பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத்தில் வௌவால்களின் பொழுதறிவை ஆராய்ந்து, இத்துறைக்கு இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர். தமிழ்நாட்டுக் கரையில் எடுத்த உயிரைக் கொண்டு இரு பொழுதுகளையும் நிறுவிய இவ்வாய்வினைத் தமிழ் ஆராய்ச்சியாளர் இதுகாறும் கண்டுகொள்ளாமை வியப்பே.

இதன் பொருளை ஓர் ஊரைக் கொண்டு விளக்குவாம். விருதுநகரை அடுத்த சூலக்கரை, பெயரிற் கரை உடையதேனும் கடலைக் காணாத கரிசற் பகுதியினது. தூத்துக்குடிக் கரையினின்று ஓதவொழுங்குடைய நண்டு ஒன்றனை எடுத்துவந்து சூலக்கரையில் இருட்டறைத் தொட்டியில் இட்டால் யாது நிகழும்? அலையும் இல்லை, ஏற்றமும் இல்லை, ஒளியும் இல்லை. ஆயினும் சில நாள் வரை தூத்துக்குடியில் நீர் ஏறும் வேளையில் அது தன் வழக்கப்படி நடந்துகொள்ளும் என்பதே இதுகாறும் நிகழ்ந்த ஆய்வுகளால் பெறப்படும் விடை. பிரித்தானியக் கரைநண்டினைக் கொண்டு எர்னஸ்ட் நெய்லர் 1958இல் இதனைத் தெளிவுறக் காட்டினார். அவ்வொழுங்கு நாளடைவில் தளரும். தளர்ந்த நண்டினைக் குளிர்நீரில் சில மணி வைத்தெடுத்தால் மீண்டும் எழும். வில்லியம்சும் நெய்லரும் 1967இல், ஆய்வகத்திலேயே வளர்ந்து ஓதத்தையே அறியாத நண்டுகளும் குளிரூட்டப்பட்டபின் ஓதக்கால அளவில் இயங்கின என்று கண்டனர். எனவே, அது கடலிடம் கற்ற பாடமன்று. பிறவியில் அமைந்த பொறி. கடல் செய்வது அப்பொறியை உரிய நேரத்திற்குத் திருப்பி வைப்பதே.

இதனை மறுத்தாரும் உளர். அமெரிக்கரான பிராங்க் பிரவுன், நியூஹேவன் கடலின் சிப்பிகளை உள்நாட்டு எவன்ஸ்டன் நகருக்குக் கொண்டுசென்று ஒளி புகாது வைத்தார். இரு கிழமைக்குள் அவற்றின் வாய் திறக்கும் வேளை மாறி, எவன்ஸ்டனில் திங்கள் உச்சியேறும் வேளையோடு பொருந்தியது என்று 1954இல் எழுதினார். பொறி உயிரினுள் இல்லை, புறத்தேயுள்ள நுண்விசையே அதனை இயக்குகின்றது என்பது அவர் கொள்கை. அவர் கணக்கிட்ட முறையைப் பின்வந்தோர் பெரும்பாலார் ஏற்றிலர். எமக்கும் அது வலுவுடையதாகத் தோன்றவில்லை. மேற்கூறிய சூலக்கரைத் தொட்டியோ இவ்வழக்கினைத் தீர்க்க உதவாது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சூலக்கரையும் தூத்துக்குடியும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டின. திங்கள் இரண்டிடத்தும் உச்சியேறும் வேளையில் ஒரு நிமிட வேறுபாடும் இராது. எனவே நண்டு பழைய நேரத்தையே காட்டினும், உட்பொறியாலோ புறவிசையாலோ என்று துணிதற்கியலாது. கிழக்கு மேற்காகச் செல்லவேண்டும். மினிக்காய்த் தீவு ஏறத்தாழ ஐந்து பாகை மேற்கே உள்ளது. அங்குச் சென்றால் இருபது நிமிட அளவு வேறுபாடு கிட்டும். அதுவும் சிறிதே.

உட்பொறி ஒன்றோ இரண்டோ என்பது அடுத்த வினா. நாளுக்கொன்றும் ஓதத்திற்கொன்றுமாக இரண்டு என்பார் ஒரு சாரார். ஓதப்பொறியே 24 மணி 50 நிமிட அளவினவாய் எதிரெதிர் இயங்கும் இரண்டன் இணைப்பு என்றார் பாமர். யூரிடிசி புல்க்ரா என்னும் கரைவாழ் சிற்றுயிரில் நாட்பொறிக்குரிய மரபணு ஒன்றன் செயலைத் தளர்த்தியபோது நாளொழுங்கு குலைந்தது, நீந்தும் ஓதவொழுங்கு குலையவில்லை என 2013இல் வெளிவந்த ஆய்வு கூறும். இரண்டும் வேறு என்பதற்கு இது தக்க சான்று. விருதுநகர் வட்டாரக் கண்மாய்களிலும் வயல்வரப்புகளிலும் வாழும் நன்னீர் நண்டோ இரவில் திரியும் நாளொழுங்கு மட்டும் உடையது. ஓதம் அதற்கு வேண்டுவதில்லை.

இனிப் பாட்டிற்கு வருவாம். நெய்தல் மகளிர் அலவனைத் துரத்தி விளையாடுதலும், அடும்பு படர்ந்த மணலில் அலவன் ஓடுதலும் புலவர் பலகாற் கூறுவன. மணலில் விரைந்தோடுதல் பற்றி இவ்வலவனை வெண்ணிற மணல்நண்டு எனக் கோடலே பொருந்தும். கழிச்சேற்றில் திரிவதாகக் கூறுமிடத்து அது வேறொரு நண்டாதல் கூடும். உரைகாரர் இரண்டற்கும் நண்டு என ஒரே சொல்லால் பொருளெழுதிப் போயினர். மணல்நண்டாயின் மாலைப்பொழுது தானே பெறப்படும். கழிநண்டாயின் பெறப்படுவது நீர் வற்றிய வேளை. அது காலையாகவும் இருக்கலாம், மாலையாகவும் இருக்கலாம்.

மற்றொன்று: ஒரு துறையில் உவாத்தோறும் ஓதம் உச்சியுறும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின், ஒரு பாட்டில் மாலையும் ஏறும் ஓதமும் ஒருங்கே வருமாயின் அது திங்களின் இரு பக்கத்தும் சில நாள்களையே குறிக்கும். நிலவும் உடன் கூறப்படின் எப்பக்கம் என்பதும் தெளிவாம். ஓதம் என்னும் சொல் பாட்டில் கடலையும் அலையையும் குறித்தலும் உண்டு. எனவே ஏறுதல், பெயர்தல் போன்ற வினைகளோடு வரும் இடங்களை மட்டும் தனியே தொகுத்து, கொற்கை, தொண்டி முதலிய துறைப்பெயர் உள்ள பாடல்களினின்று இவ்வாய்வைத் தொடங்குதல் தகும். கொற்கையினின்று கடல் இன்று விலகி நிற்பதனால் அதற்குத் தூத்துக்குடித் துறையின் ஓதக் கணக்கையே கொள்ள வேண்டும்.