விசா கைக்கு வரும் முன் பணம் கைவிட்டுப் போகலாமா?

மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்த வருஷத்திலும், ஜவுளி ஆர்டர் கைகொடுத்த வருஷத்திலும் ஈரோட்டுக் குடும்பங்களில் வெளிநாட்டுப் பயணப் பேச்சு எழுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. சிங்கப்பூர், துபாய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்து இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் என்று மத்தியதரைக் கடற்கரைப் பக்கம் மனசு போகிறது. ஆசையில் தவறில்லை. நமக்குப் பள்ளி விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே அதிக வெயிலும் இல்லை, அதிகக் குளிரும் இல்லை. ஆனால் நான்கு பேர் பத்து நாள் போய்வர ஆகும் செலவில் இங்கே ஒரு கார் வாங்கிவிடலாம். காருக்கு இன்வாய்ஸ், ஆர்.சி., வாரண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிற நாம், பயணத்துக்கு அதே தொகையை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை நம்பி, யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பிவிடுகிறோம்.

ரோமிலும் பார்சிலோனாவிலும் ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே போவது பர்ஸ். லட்சங்கள் போவது இங்கே, அட்வான்ஸ் கட்டும் அந்த ஒரு வாரத்தில்.

டிராவல்ஸ் என்று போர்டு மாட்டியிருப்பதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றே ஆக வேண்டும். சுற்றுலா ஏற்பாட்டாளருக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் தரும் அங்கீகாரம் அப்படிக் கட்டாயமானது அல்ல, விரும்பியவர்கள் வாங்கிக்கொள்வது. ஆகவே ஜிஎஸ்டி எண் உண்டா, நிறுவனத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு உண்டா, எத்தனை வருஷமாகத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் நாம்தான் விசாரிக்க வேண்டும்.

பெரிய பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது. 1841-இல் தொடங்கிய பிரிட்டனின் தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23 அன்று ஒரே இரவில் மூடப்பட்டது. ஸ்பெயின், கிரீஸ், துருக்கிக் கடற்கரைகள் உட்பட வெளிநாடுகளில் அன்று இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகளை அந்த நாட்டு அரசு தனி விமானங்கள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தது. பேக்கேஜ் வாங்கியவர்களுக்குப் பணமும் திரும்பியது. அதற்கென்றே அங்கு அட்டால் என்ற பாதுகாப்பு நிதி இருந்தது. (இந்தியாவில் அதே பெயரில் இயங்குவது வேறு நிறுவனம், அது அப்போதும் இயங்கியது.) அதே 2019-இல் நம் நாட்டின் காக்ஸ் அண்ட் கிங்ஸ் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல், அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் பாக்கிக்காரர்களின் நீண்ட வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று. பிரிட்டனில் இருப்பதுபோல ஒரு நிதி இந்தியப் பயணிகளுக்கு இல்லை. இந்த ஒரு குறையை மனதில் வைத்தே நாம் பணத்தைக் கட்ட வேண்டும்.

நம் பக்கத்தில் 'டூர் சீட்டு' என்று ஒன்று நடக்கிறது. மாதம் இவ்வளவு என்று இரண்டு வருஷம் கட்டினால் ஐரோப்பா கூட்டிப்போகிறோம் என்பார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாடு நமக்கெல்லாம் தெரியும். அந்த வழக்குகள் நடந்தது தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் (1997) என்ற சட்டத்தின் கீழ், கோவைத் தனி நீதிமன்றத்தில். பலருக்குத் தெரியாத விஷயம்: வட்டிக்காகக் கட்டும் பணத்தை மட்டுமல்ல, ஒரு சேவைக்காகத் தவணையில் கட்டும் பணத்தையும் அந்தச் சட்டம் 'வைப்புத்தொகை' என்றே வரையறுக்கிறது. டூர் சீட்டு நடத்தியவர் கடையை மூடிவிட்டால், மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் ரசீது வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் டிக் அடித்த சீட்டுக்கு எந்த நீதிமன்றத்திலும் வலு குறைவு. சீட்டே கட்டாமல் வங்கியில் ஆர்.டி. போட்டுவிட்டு, தொகை சேர்ந்ததும் பயணம் போவது எவ்வளவோ நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று, பெட்ரோல் பங்கிலும் பொருட்காட்சியிலும் கூப்பன் எழுதிப் போட்டால் வரும் 'பரிசு'. தம்பதியாக ஹோட்டலுக்கு வரச் சொல்லி, மூன்று மணி நேரம் பேசி, ஹாலிடே கிளப் உறுப்பினர் கட்டணம் என்று அன்றைக்கே கார்டைத் தேய்க்க வைப்பார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் சலுகை என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி விசா. இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின், பிரான்ஸ், குரோஷியா, மால்டா ஆகியவை ஷெங்கன் நாடுகள். ஒரே விசா போதும். துருக்கி, எகிப்து, துனிசியா, மொராக்கோ, சைப்ரஸ் அதில் சேராதவை. கிரீஸ் பார்த்துவிட்டுத் துருக்கிக்குப் போய், திரும்ப இத்தாலிக்குள் நுழைவதாகத் திட்டம் என்றால் ஒருமுறை நுழைவு விசா உதவாது. பலமுறை நுழைவு விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பயணத் திட்டம் பார்க்க அழகாக இருக்கும். இந்த இடத்தில் குடும்பமே விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கியதாகவும், ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் ஈரோட்டுக்காரர்களுக்குக் கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம்தான். அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. "எந்த நாட்டுக்கு ஸ்லாட் கிடைக்குதோ அதுக்குப் போட்டுடலாம்ங்க, அங்க போய் யார் பாக்கறா" என்பது ஏஜென்ட்களின் வழக்கமான பேச்சு. பொய்யான பயணத் திட்டம் கொடுத்து வாங்கும் விசா அது. கண்டுபிடித்தால் மறுக்கலாம், கொடுத்த விசாவை ரத்தும் செய்யலாம். அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான கணினியில் இருக்கும். ஏஜென்ட்டின் பெயர் அங்கே இருக்காது, நம் பெயர்தான் இருக்கும். 'நூறு சதவீதம் விசா கேரண்டி' என்பவரிடமும் கவனமாக இருங்கள். விசா கொடுப்பது தூதரகம். அதற்கு உத்தரவாதம் தர வேறு யாராலும் முடியாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் வருமானச் சான்று. பத்து ஏக்கர் வாய்க்கால் பாசன நிலம் உள்ளவர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. விசைத்தறிக்காரரிடமும் சிறு வியாபாரியிடமும் பாதிப் பணம் ரொக்கமாகப் புழங்கும். இதைப் பார்த்து, "ஒரு வாரத்துக்கு அஞ்சு லட்சம் உங்க கணக்குல போட்டுவிடறோம்" என்று ஒரு யோசனை வரும். தூதரகம் கேட்பது பல மாதக் கணக்கு விவரம். திடீரென்று நுழைந்த பெரிய தொகை முதல் பார்வையிலேயே கண்ணில் படும். அதற்குப் பதில், பயணத்துக்கு ஒரு வருஷம் முன்பே மஞ்சள் விற்ற பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் ஏல ரசீது, சிட்டா, அடங்கல் இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைக்கலாம். விவசாய வருமானத்தை வரிவிலக்குள்ள வருமானமாகக் காட்டி வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்யலாம். இதில் ஓர் உபரி லாபமும் உண்டு, கீழே சொல்கிறேன்.

விசா மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும், மேல்முறையீடு செய்யும் உரிமை நமக்கு உண்டு என்பதும் ஷெங்கன் விசா விதியிலேயே உள்ளது. கட்டணம் மட்டும் திரும்ப வராது. பெரும்பாலான தூதரகங்களுக்கு விமான முன்பதிவு காட்டினால் போதும், பணம் கட்டி டிக்கெட் எடுத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே விசா வரும்வரை கட்டும் தொகையைக் குறைவாக வைத்துக்கொண்டு, மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று ரூபாயில் எழுதி வாங்குங்கள். "பாத்துக்கலாம்ங்க" என்பது பதில் அல்ல.

ஏஜென்ட் தரும் கொட்டேஷனைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். '4 நட்சத்திர ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது' என்றிருக்கும். ஹோட்டல் பெயர் இருக்காது. ரோம் என்று எழுதியிருந்தாலும் தங்கவைப்பது ஊருக்கு வெகு தொலைவில் இருக்கலாம். 'பார்த்தல்' என்பது பஸ்ஸில் உட்கார்ந்தபடி பார்ப்பதாகவும் இருக்கலாம். உள்ளே நுழையக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஹோட்டலில் ஒவ்வோர் இரவுக்கும் வாங்கும் நகர வரி, டிப்ஸ், படகுப் பயணம் எல்லாம் பெரும்பாலும் கணக்கில் இருக்காது.

அதே தாளில் டிசிஎஸ் என்று ஒரு வரி இருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். 10 லட்ச ரூபாய் பேக்கேஜுக்கு அந்தக் கணக்கில் 95,000 ரூபாய் ஆனது. அது பிறகு மாறிவிட்டது; விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது. பணம் கட்டும் நாளில் உள்ளதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியம் என்னவென்றால், இது செலவு அல்ல. நம் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் முன்கூட்டிய வரி. படிவம் 26ஏஎஸ்-இல் தெரியும். வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கலாம். கணக்கு தாக்கல் செய்யாத விவசாயிக்கு இது திரும்பாது. நான் சொன்ன உபரி லாபம் இதுதான். வசூலித்துவிட்டு அரசுக்குக் கட்டாத ஏஜென்ட்டும் இருக்கலாம் என்பதால், டிசிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்கி 26ஏஎஸ்-இல் சரிபாருங்கள். விமான டிக்கெட்டை மட்டும் அல்லது ஹோட்டலை மட்டும் தனியாக வாங்கினால் அது டூர் பேக்கேஜ் ஆகாது என்று வருமான வரித் துறை 2023-இல் விளக்கியிருக்கிறது.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாவுக்காக மலிவான பாலிசியை வாங்கி ஃபைலில் வைத்துவிடுவதுதான் நாம் செய்யும் பிழை. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு பி.பி. என்றால் விண்ணப்பத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் ஏதென்ஸில் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது க்ளெய்ம் மறுக்கப்படும். காப்பீட்டு நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால் 155255 என்ற எண்ணிலோ, பீமா பரோசா தளத்திலோ புகார் செய்யலாம்; அடுத்து சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். அங்கே கட்டணம் கிடையாது.

விமானத்தில் நம்மவர்கள் கேட்காமலே விடும் உரிமை ஒன்று உண்டு. 261/2004 என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி, ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமாக இருந்தாலும், அது வளைகுடா நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், பயணி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. கோவையிலிருந்து ஷார்ஜா அல்லது அபுதாபி வழியாகப் போகும்போது இது பொருந்தாது. ஐரோப்பிய நிறுவன விமானத்தில் போனால் மட்டும் அந்தப் பக்கமும் பொருந்தும். ரோமிலிருந்து திரும்பும்போது பொருந்தும். விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக ஊர் சேர்ந்தால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை கேட்கலாம். புயல் போன்ற காரணங்களுக்கு இது கிடையாது. ஆனால் அப்போதும் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே எழுத்தில் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி சேதத்துக்கு 7 நாள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள்தான் கெடு.

அங்கே போன பிறகு: கார்டு இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். கார் எடுத்து ஓட்டுவதாக இருந்தால் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இத்தாலியின் பழைய நகர வீதிகளில் வெளி வண்டிகளுக்குத் தடையுள்ள பகுதிகளில் கேமரா படம் பிடிக்கும், அபராதம் பல மாதம் கழித்துக்கூட வரும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகத்தில் ஊர் திரும்ப அவசரச் சான்று. அவசரத்துக்கு ஐரோப்பா முழுவதும் 112.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? இணைய மோசடி என்று தெரிந்த நிமிஷமே 1930-ஐ அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். சேவைக் குறைபாடு என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஈரோட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 'மும்பை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்' என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொட்டேஷன், ரசீது, வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடல், சொன்ன ஹோட்டலுக்குப் பதில் தந்த ஹோட்டலின் படம் எல்லாமே சான்றுகள். எதையும் அழிக்காதீர்கள்.

வழக்குத் தொடரக் கெடு இரண்டு வருஷம். சென்ற வருஷம் போன பயணத்தில் சொன்னதைத் தராமல் உங்களை ஏமாற்றியிருந்தால், காலம் இன்னும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.