தொட வேண்டிய சொல்லுக்கு என்ன நிறம்?

ஒரு சொல்லைப் படித்து முடிக்கும் முன்பே அதன் நிறம் நமக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. திருப்பலிப் புத்தகத்தில் சொல்ல வேண்டிய செபங்கள் கறுப்பிலும், செய்ய வேண்டிய செயல்கள் சிவப்பிலும் அச்சாகியிருப்பதை நாம் அறிவோம். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளானால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையானால் மாநில நெடுஞ்சாலை. அதுபோலவே, கைப்பேசிச் செயலியில் நீல நிறச் சொல்லைக் கண்டால், தொட்டதும் வேறு பக்கம் திறக்கும் என்று உணர்கிறோம். இதற்கு லிங்க், அதாவது இணைப்பு என்று பெயர்.

இவ்வழக்கம் பரவக் காரணமானவற்றுள் முக்கியமானது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் என்னும் மென்பொருள். 1993 ஏப்ரலில் வந்த அதன் பதிப்பில், திறக்காத இணைப்புகள் அடிக்கோட்டுடன் நீலமாகவும், திறந்து பார்த்தவை கருஊதாவாகவும் காட்டப்பட்டன.

செயலி எழுதுவோர் இந்நிறத்தை மாற்றுவது எப்படி? விழுப்புரம், திண்டிவனம் ரயில் நேரங்களைக் காட்டும் ஒரு செயலியை நாம் எழுதுவதாகக் கொள்வோம். இரண்டு ஊர்ப் பெயர்களும் இணைப்புகள். ஆண்ட்ராய்டில் சாதாரண எழுத்தின் நிறத்திற்கு 'டெக்ஸ்ட்கலர்' என்றும், இணைப்பின் நிறத்திற்கு 'டெக்ஸ்ட்கலர்லிங்க்' என்றும் இரு தனிக் கட்டளைகள் உள்ளன. முதலாவதை மட்டும் மாற்றினால் இணைப்பு பழைய நிறத்திலேயே நிற்கும். இரண்டாவதைச் செயலியின் பொது அமைப்பில் ஒருமுறை எழுதிவிட்டால், எல்லாப் பக்கங்களுக்கும் அது பொருந்தும்.

எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது? எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 மடங்கு இருக்க வேண்டும் என்று 2008-இல் வெளியான உலகளாவிய வலை நெறிமுறை கூறுகிறது. வெள்ளைமேல் கறுப்பு 21 மடங்கு. வெள்ளைமேல் முழு நீலம் ஏறத்தாழ 8.6, வெள்ளைமேல் மஞ்சளோ 1.1 மடங்குகூட இல்லை. அதே முழு நீலத்தைக் கறுப்புத் திரையில் வைத்தால் 2.4 மடங்காகக் குறைந்துவிடும். ஆகவே இரவுத் திரைக்கென்று வெளிர்நீலம் ஒன்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

நிறம் மட்டும் போதுமா? போதாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் நிறக்குறை உள்ளவர். சிவப்பை உணரும் ஆற்றல் இல்லாதவருக்குச் சிவப்புச் சொல் கறுப்புச் சொற்களோடு கலந்துவிடும். எனவே அடிக்கோடும் தேவை. இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. திண்டிவனம் என்று எழுதினால் 'தி'யின் வால் மட்டுமே வரிக்குக் கீழே இறங்குகிறது. விழுப்புரம் என்றாலோ 'ழு', 'பு' இரண்டும் கீழிறங்க, அடிக்கோடு அவற்றின் கால்களை வெட்டிச் செல்கிறது. கோட்டைச் சற்றுத் தாழ்த்தி, வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

இது வெறும் அழகைப் பற்றிய விஷயமன்று. மகளின் உதவித்தொகைக்குக் கடைசி நாளில் விண்ணப்பிக்கும் ஒரு தந்தை, பேருந்து நிலைய வெயிலில் திரையைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். 'விண்ணப்பிக்க' என்னும் சொல் மங்கிய நிறத்தில் மறைந்திருந்தால், அவ்வாண்டின் உதவி கைநழுவிப் போகும். மாணவியரே! நாளை உங்களில் சிலர் செயலிகளை எழுதுவீர்கள். நிறம் தேர்ந்தெடுத்ததும் அதை வெயிலில் பாருங்கள், இருட்டில் பாருங்கள், வீட்டில் மூத்தவர் கையிலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அவர் விரல் தயங்காமல் சரியான சொல்லைத் தொட்டால், உங்கள் தேர்வு நல்ல தேர்வே!